ஒரு கொடியைத் தூக்கிப் பிடித்ததற்கா வீரப்பதக்கம், அதுவும் 37 ஆண்டு கழித்து?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வில்லியம் கார்னி என்ற கறுப்பின வீரர் தன் படைப்பிரிவின் கொடியைக் கீழே விழவிடாமல் தூக்கி வந்தார். சண்டை நடந்தது 1863இல். பதக்கம் வந்தது 1900இல். ஒரு துணிக்கொடிக்காக நாட்டின் மிக உயர்ந்த வீரப்பதக்கமா என்று கேட்டிருக்கிறீர்கள். 37 ஆண்டுத் தாமதத்துக்கு நிறவெறிதான் காரணமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மகளின் பள்ளிப் பேச்சில் ‘இந்தப் பதக்கம் பெற்ற முதல் கறுப்பினத்தவர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், சரிதானே என்று கடைசியில் சேர்த்திருக்கிறீர்கள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் உங்கள் மனத்தில் ஓடுவது ஒரே சந்தேகம்தான் என்று எனக்குப் படுகிறது: அந்த மனிதர் உண்மையிலேயே அப்படியொரு வீரச்செயல் செய்தாரா, இல்லை, பிற்காலத்தில் யாரோ மனம் உறுத்திக் கொடுத்த மரியாதையா?

நான் கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வு பெற்றவன். முதுகலை மாணவர்களுக்கு அமெரிக்க வரலாற்றுத் தாளைப் பல ஆண்டுகள் எடுத்திருக்கிறேன். லிங்கன், கெட்டிஸ்பர்க், அடிமை ஒழிப்பு என்று உள்நாட்டுப் போரை வேகமாகத் தாண்டிவிடும் பாடத்திட்டம் அது. கார்னியின் பெயரே அதில் கிடையாது. ஒரு மாணவி வகுப்பில் எழுந்து கிட்டத்தட்ட உங்கள் முதல் கேள்வியையே கேட்டாள். அன்று என்னிடம் ஒழுங்கான பதில் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்தப் படைப்பிரிவைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். சண்டைக்களத்தைக் கண்ணால் பார்த்தவன் இல்லை நான். பழைய ஆவணங்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கப் பழகியவன். அந்த எல்லைக்குள் நின்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கொடி. இன்றைக்குக் கொடி என்றால் நமக்கு ஏற்றுவதும் வணங்குவதும்தான் நினைவுக்கு வரும். 1863இல் அது களத்தில் வேலை செய்த ஒரு கருவி. அன்றைய துப்பாக்கிகளில் போட்டது கரும் வெடிமருந்து. சில நிமிடம் சுட்டாலே புகை மூட்டம் கண்ணை மறைத்துவிடும். பீரங்கிச் சத்தத்தில் அதிகாரி கத்துவது பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. வயர்லெஸ் கிடையாது. நூற்றுக்கணக்கான பேர் எந்தத் திசையில் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும், சிதறினால் எங்கே திரும்ப ஒன்றுசேர வேண்டும் என்பதை அவர்களுக்குக் காட்டியது தலைக்கு மேலே தெரிந்த அந்த ஒரு கொடி. அது முன்னால் போனால் படை முன்னால் போகும். அது விழுந்தால் படை குழம்பும். இது எதிரிக்கும் தெரியும். அதனால் கொடி பிடித்தவனைக் குறிவைத்துத்தான் முதலில் சுடுவார்கள். இரண்டு கையாலும் கம்பத்தைப் பிடித்திருப்பவனால் திருப்பிச் சுடவும் முடியாது. கொடிக்காரர் ஒருவர் விழுந்தால் எடுப்பதற்கென்றே பக்கத்தில் சில வீரர்களை நிறுத்தி வைத்திருப்பார்கள். அந்தப் போரில் கொடியைக் காத்ததற்காகவும் எதிரியின் கொடியைப் பிடித்ததற்காகவும் ஏராளமான பதக்கங்கள் கொடுத்தார்கள் என்றால், காரணம் துணிமேல் இருந்த பக்தி மட்டுமில்லை. விழுந்த கொடியை எடுப்பவன், தன்மேல் சுடச் சொல்லி எழுந்து நிற்கிறான் என்று அர்த்தம்.

கார்னி பிறந்தது 1840இல், வர்ஜீனியா மாநிலத்தின் நார்ஃபோக் நகரில், அடிமைக் குடும்பத்தில். இந்த இடத்தில் இணையத்தில் கிடைக்கும் கதைகள் ஒன்றோடொன்று முட்டும். அவரே ரகசிய வழியில் தப்பி வடக்கே வந்தார் என்று சிலர் எழுதுவார்கள். தந்தை தப்பி வந்து, சம்பாதித்து, குடும்பத்தை விலை கொடுத்து மீட்டார் என்று வேறு சிலர். கார்னி 1863இல் எழுதி அதே ஆண்டில் அச்சான கடிதம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் சொல்வது வேறு: தாய் யாருக்கு உடைமையாக இருந்தாரோ அந்த எஜமானர் இறந்தபோது, தன் அடிமைகளை விடுதலை செய்யும்படி உயில் எழுதி வைத்திருந்தார், தந்தை 1856இல் நிம்மதியாக வாழ ஓரிடம் தேடி வடக்கே புறப்பட்டு, பென்சில்வேனியாவிலும் நியூயார்க்கிலும் மனம் பொருந்தாமல், கடைசியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூ பெட்ஃபோர்டில் குடியேறினார். சம்பந்தப்பட்டவரே, சம்பவத்துக்கு அருகிலிருந்த காலத்தில் சொன்னதால் நான் இதைத்தான் நம்புகிறேன். அதே கடிதத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 14ஆம் வயதில், நார்ஃபோக்கில் ஒரு பாதிரியார் மறைவாக நடத்திய பள்ளியில் படித்தாராம். கறுப்பினப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதை அன்றைய வர்ஜீனியச் சட்டம் தடுத்திருந்தது என்பதை நினைத்துக்கொண்டு படித்தால்தான் அந்த ஒரு வரியின் கனம் புரியும். மத போதகராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. கறுப்பினப் படை அமைக்கப்போகிறார்கள் என்றதும், ஒடுக்கப்பட்ட தன் சகோதரர்களுக்கும் நாட்டுக்கும் சேவை செய்வதே கடவுளுக்குச் செய்யும் சிறந்த சேவை என்று முடிவெடுத்துச் சேர்ந்ததாக எழுதுகிறார்.

அவர் சேர்ந்த படை, மாசசூசெட்ஸ் 54ஆவது காலாட்படைப் பிரிவு. 1863 ஜனவரி 1இல் லிங்கனின் விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வந்த பின், வட மாநிலங்களில் திரட்டப்பட்ட முதல் கறுப்பினப் படைப்பிரிவுகளில் அது ஒன்று. அதிகாரிகள் வெள்ளையர்கள், தலைமை 25 வயதான கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா. அடிமை ஒழிப்புத் தலைவர் ஃபிரெடரிக் டக்ளஸின் இரண்டு மகன்கள் அதில் இருந்தார்கள். இவர்களுக்கு மற்ற வீரர்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து இருந்தது. பிடிபடும் கறுப்பின வீரர்களைப் போர்க்கைதிகளாக நடத்தமாட்டோம், மாநில அரசுகளிடம் ஒப்படைப்போம் என்று தென்தரப்பு, அதாவது அடிமைமுறையை விடமாட்டோம் என்று பிரிந்துபோன தென் மாநிலங்கள், அறிவித்திருந்தது. திரும்ப அடிமைச் சந்தை, அல்லது தூக்கு. அவர்களை நடத்திச் செல்லும் வெள்ளை அதிகாரிகளுக்கும் மரண தண்டனை என்று 1863 மே மாதத்தில் தென்தரப்புக் காங்கிரஸ் தீர்மானமே போட்டது. நார்ஃபோக்கில் பிறந்த கார்னிக்கு அது என்னவென்று யாரும் விளக்கத் தேவையில்லை.

1863 ஜூலை 18. தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் வாயிலில் உள்ள மோரிஸ் தீவு. அங்கே வாக்னர் கோட்டை என்று பெயர் பெற்ற ஓர் அரண். கோட்டை என்றதும் கல்லணையைக் கற்பனை செய்யாதீர்கள். மணலையும் பனை வகை மரத்தடிகளையும் குவித்துக் கட்டிய அரண், முன்னால் நீர் தேங்கிய அகழி. அந்த மணல்தான் அதன் பலம். அன்று நாள் முழுக்க வடதரப்பு தரையிலிருந்தும் போர்க்கப்பல்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான குண்டுகளைப் பொழிந்தது. மணல் அவற்றை விழுங்கிக்கொண்டது. உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் குண்டுதாங்கும் பதுங்கறைக்குள் உயிரோடு இருந்தார்கள். வெளியே இருந்த தளபதிகள் எதிரி ஏறக்குறைய அழிந்திருப்பான் என்று நினைத்தார்கள். அந்தத் தப்புக்கணக்குதான் அன்று இரவு அத்தனை பேரைக் கொன்றது.

54ஆவது பிரிவு இரண்டு நாள் முன்பு ஜேம்ஸ் தீவில் ஒரு சண்டை முடித்து, மழையில் இரவெல்லாம் சதுப்பு வழியாக நடந்து, சரியான சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் அன்று மாலைதான் மோரிஸ் தீவுக்கு வந்து சேர்ந்திருந்தது. முதலில் பாயும் இடம் அவர்களுக்கு. தாக்குதலுக்கு முன் ஜெனரல் ஜார்ஜ் ஸ்ட்ராங், கொடி பிடித்திருந்தவரைச் சுட்டிக்காட்டி, “இவர் விழுந்தால் கொடியை யார் எடுப்பீர்கள்?” என்று கேட்டதாகவும், கர்னல் ஷா “நான்” என்றதாகவும் அன்று அங்கிருந்தவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். அந்தி சாயும் நேரத்தில் சுமார் 600 பேர் கடற்கரை மணலில் ஓடினார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சதுப்பு. நடுவில் கோட்டையை நெருங்க நெருங்கக் குறுகிக்கொண்டே போகும் மணல் பட்டை. பதுங்கறையிலிருந்து வெளியே வந்துவிட்ட எதிரிகள் நேருக்கு நேர் சுட்டார்கள்.

ஓட்டத்தில் கொடி சார்ஜென்ட் ஜான் வால் விழுந்தார். கார்னி கொடிக்குப் பொறுப்பானவர் இல்லை. தன் துப்பாக்கியோடு ஓடிக்கொண்டிருந்த, ‘சி கம்பெனி’ என்ற உட்பிரிவின் சார்ஜென்ட். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கொடியை எடுத்து முன்வரிசைக்குப் போனார், அகழியைத் தாண்டினார், அரணின் சரிவில் ஏறினார், மேட்டில் கம்பத்தை ஊன்றினார். கர்னல் ஷா அந்த மதில் மேலேயே சுடப்பட்டு இறந்தார். சுற்றியிருந்தவர்கள் விழ விழ, கார்னி கொடியைப் பிடித்தபடி சரிவில் ஒட்டிக் கிடந்தார். ஒரு கூட்டம் தன்னை நோக்கி வருவதைப் பார்த்து நம்மவர்கள் என்று எண்ணி எழப்போய், எதிரிகள் என்று தெரிந்ததும் கொடியைக் கம்பத்தில் சுற்றிக்கொண்டு அகழித் தண்ணீரில் இறங்கினார். பின்வாங்கும் வழியில் தோட்டாக்கள் பாய்ந்தன. நியூயார்க் படையைச் சேர்ந்த ஒருவர் அவரைத் தாங்கிக்கொண்டு, “கொடியை நான் கொண்டுவருகிறேன், கொடு” என்றாராம். 54ஆவது பிரிவைச் சேர்ந்தவரிடம் தவிர வேறு யாரிடமும் தரமாட்டேன் என்று மறுத்துவிட்டு, அரைகுறையாகத் தவழ்ந்தும் நடந்தும் வந்து சேர்ந்தார். காயம்பட்டவர்கள் கிடந்த இடத்தில் சொன்னதாக வழங்கும் வாக்கியம் இது: “என் கடமையைத்தான் செய்தேன் பையன்களா, பழைய கொடி ஒருமுறைகூட மண்ணைத் தொடவில்லை.”

இதில் எது கெட்டி, எது நெகிழ்வு என்று பிரித்துச் சொல்ல வேண்டும். கொடி சார்ஜென்ட் விழுந்ததும் கார்னி அதை எடுத்ததும், மதில்மேல் ஊன்றியதும், கடும் சூட்டுக்கு நடுவே திரும்பக் கொண்டுவந்ததும், இருமுறை கடுமையாகக் காயப்பட்டதும் பதக்கச் சான்றுரையிலேயே உள்ளவை. அவற்றைத் தயங்காமல் சொல்லலாம். நியூயார்க் வீரரோடு நடந்த பேச்சும், எதிரிகளை நம்மவர் என்று எண்ணிய நொடியும் கார்னி தானே சொன்ன விவரிப்பிலிருந்து வருபவை. ஒரே சாட்சி என்றாலும், பொய் சொல்ல அவருக்கு ஆதாயம் இருந்த விஷயங்கள் இல்லை, நான் ஏற்றுக்கொள்கிறேன். காயங்களின் எண்ணிக்கை கதைக்குக் கதை கூடும்: மார்பு, கை, இரண்டு கால், தலை என்று. மகளின் பேச்சில் ‘இருமுறை கடுமையாகக் காயமடைந்தார்’ என்று மட்டும் வையுங்கள். அதற்கே போதுமான கனம் உண்டு. முகத்திலும் மார்பிலும் பட்ட புண்ணை விழுப்புண் என்று தனிச் சொல் வைத்துக் கொண்டாடிய மொழி நம்முடையது. கூட்டிச் சொன்னால்தான் பெருமை என்று நினைக்க வேண்டியதில்லை. கடைசி வாக்கியத்தில் ‘கடமை’ என்ற முன்பகுதி சில இடங்களில் வருகிறது, சில இடங்களில் இல்லை. கொடி மண்ணைத் தொடவில்லை என்ற பகுதி எல்லாவற்றிலும் இருக்கிறது.

சண்டை தோல்வி. வடதரப்பில் 1,500 பேருக்கு மேல் இறந்தோ, காயமடைந்தோ, காணாமலோ போனார்கள். எதிர்த்தரப்பில் 200ஐ ஒட்டித்தான். 54ஆவது பிரிவில் மட்டும் 270 பேருக்கு மேல் சேதம். ஷாவின் உடலை அவருடைய வீரர்களோடு ஒரே குழியில் போட்டுப் புதைத்தார்கள். அவமானம் என்று நினைத்துச் செய்தது அது. உடலை மீட்கும் பேச்சு வந்தபோது, மகன் தன் வீரர்களோடு கிடப்பதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று அவருடைய பெற்றோர் மறுத்துவிட்டார்கள். கோட்டை செப்டம்பரில், நீண்ட முற்றுகைக்குப் பிறகு எதிரிகளே காலி செய்து போனபின்தான் கைக்கு வந்தது. அந்த மணல் அரண் இன்று இல்லை, கடல் கொண்டுபோய்விட்டது.

இப்போது உங்களைக் கோபப்படுத்திய 37 ஆண்டுகளுக்கு வருகிறேன். நிறவெறிதான் காரணம் என்று ஒரே சொல்லில் முடித்துவிட என்னால் முடியவில்லை. அன்று இப்படித் தாமதம் ஆனது கறுப்பினத்தவருக்கு மட்டும் இல்லை என்பதே காரணம். கெட்டிஸ்பர்க்கில் லிட்டில் ரவுண்ட் டாப் குன்றைக் காத்த ஜோஷுவா சேம்பர்லைன் வெள்ளையர், கர்னல், போருக்குப் பின் மெய்ன் மாநில ஆளுநராகவும் இருந்தவர். அவர் சண்டையிட்டதும் 1863 ஜூலைதான், கார்னிக்கு 16 நாள் முன்பு. அவருக்குப் பதக்கம் வந்தது 1893இல். மெடல் ஆஃப் ஹானர் என்ற இந்தப் பதக்கமே தரைப்படைக்கு 1862 ஜூலையில்தான் உருவானது. முதலில் சிப்பாய்களுக்கு மட்டும், 1863 மார்ச்சில்தான் அதிகாரிகளையும் சேர்த்தார்கள். இன்றுபோல் வீரத்துக்குப் பல படிநிலை விருதுகள் அன்று கிடையாது. ஏறக்குறைய இது ஒன்றுதான். அதனால் ‘மிக உயர்ந்த’ என்று இன்று நாம் சேர்க்கும் அடைமொழி அன்றைய மனநிலைக்கு முழுதாகப் பொருந்தாது. மெய்ன் 27ஆவது படைப்பிரிவுக்கு, ஒப்பந்தக் காலம் முடிந்தும் சிலர் சில நாள் கூடுதலாகத் தங்கியதற்காக மொத்தமாக 864 பதக்கங்கள் போயின. 1917இல் மறுபரிசீலனை நடத்தி அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். கார்னியின் பெயர் அந்தச் சல்லடையில் தங்கி நின்றது. 1890களில் வயதாகிப்போன போர்வீரர்கள் விண்ணப்பம் எழுதவும், பழைய தோழர்கள் சாட்சி சொல்லவும், நூற்றுக்கணக்கான பதக்கங்கள் இப்படிக் காலம் கடந்து வந்தன. 1900 மே 23இல் கார்னிக்கு வந்தது அந்த அலையின் தொடர்ச்சி.

யார் எழுதினார்கள் என்பதுதான் இதில் பாதி விஷயம். 1864 செப்டம்பர் 29இல் வர்ஜீனியாவின் நியூ மார்க்கெட் ஹைட்ஸ் சண்டையில் கறுப்பினப் படைகள் இதேபோல ஓர் அரணை நோக்கி ஓடின. ஆல்ஃபிரட் ஹில்டன் இரண்டு கொடிகளைச் சேர்த்துப் பிடித்தபடி ஓடி விழுந்தார். கிறிஸ்டியன் ஃப்ளீட்வுட்டும் சார்ல்ஸ் வீலும் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சண்டைக்கு 14 கறுப்பின வீரர்கள் பதக்கம் பெற்றார்கள். பெரும்பாலும் 1865 ஏப்ரலிலேயே, அதாவது ஏழு மாதத்துக்குள். காரணம், அவர்களுடைய தளபதி பெஞ்சமின் பட்லர் உயிரோடு இருந்தார், பெயர் பெயராகப் பாராட்டி உத்தரவு வெளியிட்டார். வாக்னரில் என்ன ஆனது? கர்னல் ஷா மதில்மேல் இறந்தார். ஜெனரல் ஸ்ட்ராங் காயத்தால் சில நாளில் இறந்தார். மூத்த அதிகாரிகள் ஒவ்வொருவராக விழ, களத்தில் மிஞ்சியவர்களைச் சேர்த்துப் பிடித்து நிறுத்தியவர் ஒரு கேப்டன், லூயி எமிலியோ. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய கைகள் அந்த மணலிலேயே போய்விட்டன. இது என் ஊகம்தான், ஆவணம் இப்படிக் காரணம் சொல்லவில்லை. ஆனால் இரண்டு சண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கு வேறு விளக்கம் இவ்வளவு பொருந்தவில்லை.

நிறவெறி இல்லை என்று சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அது வேறு இடத்தில், மறுக்கவே முடியாத எழுத்தில் இருக்கிறது. கார்னியின் கதையைவிட ஆண்ட்ரூ ஜாக்சன் ஸ்மித்தின் கதை அதற்குப் பொருத்தமான சான்று. அவர் சகோதரப் படையான மாசசூசெட்ஸ் 55ஆவது பிரிவில் இருந்தவர். 1864 நவம்பர் 30இல் ஹனி ஹில் சண்டையில், கொடிக்காரர் இறந்ததும் கொடியை எடுத்துச் சண்டை முழுக்கக் காப்பாற்றினார். 1916இல் அவருக்காகப் பதக்கம் கேட்டார்கள். அதிகாரபூர்வப் பதிவு இல்லை என்று மறுத்துவிட்டார்கள். அது கிடைத்தது 2001 ஜனவரியில். வாங்கிக்கொள்ள அவருடைய சந்ததியினர்தான் இருந்தார்கள்.

சம்பளம் இன்னும் பச்சையான சான்று. வெள்ளைச் சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடைக்கென்று 3 டாலர் பிடித்துக்கொண்டு கையில் 7 டாலர். 54ஆவது பிரிவு வாக்னரில் ரத்தம் சிந்தியபின்னும் இதே கணக்குதான். அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சம்பளமே வேண்டாம் என்றார்கள். மாசசூசெட்ஸ் அரசு, குறையும் தொகையை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று முன்வந்தது, அதையும் மறுத்தார்கள். பிரச்சினை பணத்தொகை இல்லை, சமம் என்று ஒப்புக்கொள்வது. ஏறக்குறைய 18 மாதம் ஒரு காசு வாங்காமல் சண்டையிட்டார்கள். ஊரில் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. கார்னியின் அதே சி கம்பெனியில், அதே நியூ பெட்ஃபோர்டிலிருந்து வந்த கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டம்பர் 28இல் நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் எங்களுக்கு ஏன் இல்லை என்று கேட்டார். காங்கிரஸ் சமச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டது 1864 ஜூனில். பணம் கைக்கு வந்தது அந்த இலையுதிர் காலத்தில். கூடிங் அதைப் பார்க்கவில்லை. புளோரிடாவில் ஒலஸ்டி சண்டையில் காயத்தோடு பிடிபட்டு, ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் 1864 ஜூலை 19இல் இறந்துபோனார். கார்னியின் பெயரைச் சொல்லும் எந்த மேடையிலும் கூடிங்கின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. ஒருவர் கொடியை எடுத்தார், மற்றவர் பேனாவை எடுத்தார். இரண்டு பேரும் ஒரே கம்பெனிக்காரர்கள்.

கார்னி காயங்களின் காரணமாக 1864 ஜூன் 30இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். நியூ பெட்ஃபோர்டுக்குத் திரும்பி, கொஞ்ச காலம் தெருவிளக்குகளைப் பராமரிக்கும் வேலை பார்த்தார். பிறகு தபால்காரர் ஆனார். 32 ஆண்டுகள் அந்த ஊரில் கடிதம் கொடுத்தார். தபால்காரர் சங்கத்தின் உள்ளூர்க் கிளையை 1890இல் தொடங்கியவர்களில் ஒருவர், அதன் துணைத் தலைவராகவும் இருந்தார். என்னைக் கேட்டால், இந்த 32 ஆண்டுகளைப் பற்றி யாரும் பேசாதது ஒரு குறை. அவர் வாழ்ந்த வாழ்க்கையில் வாக்னர் ஒரு மாலைப்பொழுது, மற்றதெல்லாம் இதுதான். 1897 மே 31இல் பாஸ்டனில் ஷாவுக்கும் 54ஆவது பிரிவுக்கும் நினைவுச்சின்னம் திறந்தபோது, உயிரோடிருந்த பழைய வீரர்களோடு கார்னியும் வந்திருந்தார். சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடென்ஸ் செதுக்கிய அந்த வெண்கலப் பலகையில் குதிரைமேல் ஷாவும், பக்கத்தில் நடந்துபோகும் கறுப்பின வீரர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு முகமும் தனித்தனி முகம். கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் பேசும்போது கார்னியை நோக்கித் திரும்பிப் பேச, கார்னி எழுந்து கொடியை உயர்த்தினார், கூட்டம் ஆர்ப்பரித்தது என்று அன்றைய விவரிப்புகள் சொல்கின்றன. பதக்கம் வந்தது அதற்கு மூன்று ஆண்டு கழித்து. அந்த நிகழ்வு பழைய கதையை மறுபடி பேசவைத்து விண்ணப்பத்துக்கு உதவியிருக்கும் என்று நினைக்கிறேன், இதுவும் ஊகமே.

தபால் வேலையில் ஓய்வு பெற்றபின் பாஸ்டனில் மாநில அரசு மாளிகையில் தூதுப் பணியாளராக வேலை பார்த்தார். அந்த நினைவுச்சின்னம் அந்த மாளிகைக்கு நேர் எதிரே, சாலையின் மறுபக்கத்தில் நிற்கிறது. உள்ளே, மாசசூசெட்ஸ் படைகளின் போர்க்கொடிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். 54ஆவது பிரிவின் கொடியும் அங்கேதான். 1908இல் அதே கட்டடத்தில் லிப்டில் கால் சிக்கிக் காயமடைந்து, டிசம்பர் 9இல் இறந்தார். அவருக்காக அரசு மாளிகையின் கொடி அரைக்கம்பத்தில் இறங்கியது.

இனி மகளின் பேச்சு. ‘முதல் கறுப்பினத்தவர்’ என்ற வரியை மாற்றிவிடுங்கள். கையில் முதலில் பதக்கம் பெற்றவர் கார்னி இல்லை. ராபர்ட் பிளேக் என்ற கடற்படை வீரர், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர், 1863 கிறிஸ்துமஸ் நாளில் மார்பிள்ஹெட் என்ற கப்பலில் செய்த வீரத்துக்காக 1864 ஏப்ரலிலேயே பெற்றுவிட்டார். நியூ மார்க்கெட் ஹைட்ஸ் வீரர்களும் கார்னிக்கு முந்தியவர்கள். கார்னிக்கு உரியது இது: பதக்கம் பெற்ற கறுப்பின வீரர்களின் செயல்களில் காலத்தால் முந்தியது அவருடையது. ‘பதக்கத்துக்குரிய செயலைச் செய்த முதல் கறுப்பின வீரர், அந்தச் செயல் நடந்தது 1863 ஜூலை 18, பதக்கம் வந்தது 1900 மே 23’ என்று எழுதிக் கொடுங்கள். ‘37 ஆண்டு நிறவெறியால் மறுத்தார்கள்’ என்ற வரி இருந்தால் அதை எடுத்துவிட்டு, 13 டாலர், 7 டாலர் கணக்கைச் சொல்லச் சொல்லுங்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது உடனே புரியும். நேரம் மிஞ்சினால், அவர் 32 ஆண்டு தபால்காரராக இருந்ததையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.